கடலோரத்துப் பந்துக்கடை

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பனைகள் வரிசையாக நிற்கும் ஓரிடத்தில், ஒற்றைக் கதவுள்ள விளையாட்டுப் பொருள் கடை ஒன்று இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையைக் கச்சான் காற்றும் உப்பும் சேர்ந்து அரித்துவிட்டன. எழுத்துகள் உதிர்ந்து ஆண்டுகள் பல ஆகின்றன. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அதைப் பந்துக்கடை என்றே சொல்கிறார்கள். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், கடந்த ஒன்பது ஆண்டுகளாக அங்கே பொருள் வாங்கி வருகிறேன். பள்ளிக்கும், இப்போது மாலை வேளைகளில் நான் பயிற்சி கொடுக்கும் மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் வாங்கிய அனுபவத்தை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பொருள்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். கடைச் சுவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

மன்னார் வளைகுடாக் கரையில் பந்து வாங்குவதும் மதுரையில் பந்து வாங்குவதும் ஒன்றல்ல. இங்கே ஆடுகளம் என்பது உப்பேறிய மணல். அதில் சிப்பி ஓடுகள் புதைந்திருக்கும். ஓரத்தில் சீமைக்கருவேல முள் உதிர்ந்து கிடக்கும். கையால் தைத்த நல்ல கால்பந்தின் நூல்கூட இந்த ஈரத்தில் ஒரு பருவத்துக்குள் இற்றுப்போகிறது. இதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடும் கடைக்காரரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஜலந்தரிலிருந்து வரும் தைத்த பந்தை எடுத்துக் காட்டி, "இது புல்லுக்கு சார், நம்ம மண்ணுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, அதைவிடப் பாதி விலையில் கிடைக்கும் தையலில்லா ரப்பர்ப் பந்தை எடுத்துக் கொடுப்பார். லாபம் குறைவான பொருளைப் பரிந்துரைப்பது அவருக்கு வழக்கமாகவே இருக்கிறது. வாலிபால் வலை வாங்குவோர் ஆலையில் செய்த வலையைக் கேட்க வேண்டாம். பக்கத்துக் குப்பத்தில் மீன்வலை பின்னும் கைகள் தடித்த நைலான் கயிற்றில் பின்னிக் கொடுக்கும் வலையை அவர் வாங்கி விற்கிறார். மேல்விளிம்புத் துணி மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கும், ஆனால் முடிச்சு அவிழ்ந்து நான் பார்த்ததே இல்லை.

கடைக்காரரை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் "காக்கா" என்றே அழைக்கிறார்கள், நானும் அப்படித்தான். வளைகுடா நாடு ஒன்றில் கிடங்கு வேலை பார்த்துத் திரும்பியவர். அங்கிருந்த காலத்தில் பழைய விளையாட்டு இதழ்களிலிருந்து வெட்டிச் சேர்த்த படங்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையின் மூன்று சுவர்களிலும் மாட்டியிருக்கிறார். தொடக்கத்தில் மொத்தம் பதினொரு படங்கள் இருந்தன. மற்ற விளையாட்டுக் கடைகளில் மாட்டியிருக்கும் இன்றைய கிரிக்கெட் நட்சத்திரம் ஒருவர்கூட அதில் இல்லை. நிறத்தின் பேரால் வெளியே நிறுத்தப்பட்டு, பிறகு தொழில்முறை விளையாட்டின் உள்ளே கால் வைத்தவர்களின் படங்கள் மட்டுமே அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் அவரே தன் கையால் தமிழில் எழுதிய ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது.

பந்துக்குக் காற்றடிக்க வரும் பிள்ளை ஏதேனும் ஒரு படத்தைக் கையால் சுட்ட வேண்டும் என்பது அங்கே ஒரு வழக்கம். காக்கா ஊசியை எச்சில் தொட்டு நனைத்துப் பந்தில் செருகிப் பம்பை அழுத்தத் தொடங்குவார். பந்து நிறையும் வரை அந்தப் படத்தில் இருப்பவரின் கதையைச் சொல்வார். பந்து நிறைந்ததும் கதையை நிறுத்திவிடுவார், பாதியில் நின்றாலும் சரி. மீதிக் கதைக்கு அடுத்த முறை வர வேண்டும். காற்றடிக்க ஐந்து ரூபாய். ஆண்டில் ஒரே ஒரு நாள், ஏப்ரல் 15 அன்று, காற்று இலவசம்.

அந்தத் தேதிக்குக் காரணம் உண்டு. நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கி ஜூன் 14 வரை நீடிக்கிறது. பாம்பன் முதல் வாலிநோக்கம் வரை படகுகள் கரையேறிக் கிடக்கும் அந்த நாள்களில்தான் குப்பந்தோறும் வாலிபால், கால்பந்துப் போட்டிகள் நடக்கும். கடைக்கு அது அறுவடைக் காலம் என்பதால் முதல் நாளில் காற்று இலவசம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். காக்கா சொன்ன காரணம் வேறு: 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்றுதான் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின பேஸ்பால் வீரர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் இறங்கினார். அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்குகளில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கறுப்பினத்தவர்கூட இடம்பெறாத நிலை அன்று முடிந்தது.

ராபின்சனின் படம் நுழைவாயிலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பிள்ளைகள் அதிகம் சுட்டுவதும் அதைத்தான். முதுகில் 42 என்ற எண். அந்தக் கதையை காக்கா நன்றாகச் சொல்கிறார். டாட்ஜர்ஸ் அணியின் மேலாண்மையைக் கையில் வைத்திருந்த பிராஞ்ச் ரிக்கி 1945 ஆகஸ்டில் ராபின்சனை அழைத்து, மைதானத்திலும் விடுதியிலும் ரயிலிலும் என்னென்ன வசைகள் வரும் என்பதைத் தானே நடித்துக் காட்டி, இவற்றுக்கெல்லாம் திருப்பி அடிக்காமல் நிற்க முடியுமா என்று கேட்ட இடத்தில் பம்பை ஒரு கணம் நிறுத்துவார். எதிரே நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். முதல் பருவத்திலேயே 29 முறை தளம் திருடி (பந்து அடிக்கப்படும் முன்பே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்து), அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதை ராபின்சன் பெற்றதையும், 1949-இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானதையும், 1997-இல் எல்லா அணிகளும் 42 என்ற எண்ணையே இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒதுக்கிவைத்ததையும் அவர் எந்தத் தாளையும் பார்க்காமல் சொல்வார். தளம் திருடுவது என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு, கபடியில் எதிரணி கண் மாறும் நேரத்தில் கோட்டைத் தொட்டுவிட்டு ஓடி வருவதை உவமையாகச் சொல்வார். சரியான உவமை என்று சொல்ல முடியாது, ஆனாலும் பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

எனக்கும் காக்காவுக்கும் வாக்குவாதம் வந்தது அந்தப் படத்தின் அட்டையால்தான். "கறுப்பினத்தைச் சேர்ந்த முதல் தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர்" என்று அதில் எழுதியிருந்தார். அது தவறு, சிறிய தவறும் அல்ல. ராபின்சனுக்கு முன்பே நூற்றுக்கணக்கான கறுப்பினத்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார்கள். அவர்களுக்கென்று நீக்ரோ லீக்குகள் என்ற பெயரில் தனி லீக்குகள் இருந்தன. ராபின்சனே 1945-இல் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற அணிக்கு ஆடியவர்தான். அதற்கும் முன்னால் 1884-இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் டொலிடோ அணிக்காக முதன்மை லீக்கிலேயே ஆடியிருக்கிறார். ஆக, கதவு முதலில் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு அதைச் சாத்தினார்கள். முதல் ஆள் என்று எழுதியதும் சாத்தியவர்கள் மறைந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் அதுவரை ஆளே இல்லை, தகுதியுள்ள ஒருவர் பிறந்து வந்ததும் வழி தானாகத் திறந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

வழி எப்படி அடைபட்டிருந்தது என்பதைத்தான் அட்டையில் எழுத வேண்டும் என்று நான் வாதாடினேன். 1920 முதல் 1944-இல் இறக்கும் வரை பேஸ்பாலின் ஆணையராக இருந்த கெனெசா மவுண்டன் லேண்டிஸ் காலத்தில், கறுப்பினத்தவரைச் சேர்க்கக் கூடாது என்று எந்த விதிப்புத்தகத்திலும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அணி உரிமையாளர்கள் தமக்குள் பேசிக்கொள்ளாமலே காத்துவந்த ஓர் உடன்பாடு அது. விதி எழுதப்படாததால் அதை எதிர்த்து வழக்குப் போட முடியாது, அதற்காக யாரும் வெட்கப்படவும் வேண்டியதில்லை. கேட்டால், தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். அந்த உடன்பாட்டை ரிக்கி உடைத்தார் என்பது உண்மை, அதற்கு அவரைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் ராபின்சனை எடுத்துக்கொண்டபோது மோனார்க்ஸ் அணிக்கு அவர் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக முதன்மை லீக்குகளுக்குப் போனதும், கறுப்பினத்தவர் தாமே கட்டி எழுப்பிய லீக்குகள் தேய்ந்தன. நீக்ரோ தேசிய லீக் 1948-ஆம் ஆண்டுப் பருவத்தோடு முடிந்தது. அந்த லீக்குகளும் முதன்மை லீக்குகளே என்று அமெரிக்க பேஸ்பால் அமைப்பு ஏற்றுக்கொள்ள 2020 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராபின்சன் இறங்கிய பிறகும் கடைசி அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஒரு கறுப்பினத்தவரைச் சேர்க்கப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. பம்ப்சி கிரீன் அங்கே ஆடியது 1959-இல்.

காக்கா என் பேச்சை முழுவதும் கேட்டுவிட்டு, "அட்டையில இடம் எங்க இருக்கு சார்?" என்றார். நியாயமான கேள்விதான். அடுத்த வாரம் போனபோது அட்டையை மாற்றியிருந்தார். "சாத்திய கதவு. எழுதாத விதி. 1947 ஏப்ரல் 15" என்று மட்டும் இருந்தது. நான் சொன்ன நீண்ட விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

எழுதிய விதிக்கும் இந்தச் சுவரில் ஒரு படம் உண்டு. சுருட்டை வாயில் கடித்தபடி கோல்ஃப் மட்டையைப் பிடித்திருக்கும் கறுப்பின கோல்ஃப் வீரர் சார்லி சிஃபோர்ட்தான் அவர். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கம் தன் அமைப்பு விதியிலேயே வெள்ளையர் மட்டும் என்று 1934-இல் எழுதிவைத்து, 1961-இல்தான் அதை நீக்கியது. பந்துக்கடைக்கு வரும் பிள்ளைகளில் யாரும் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்ததில்லை என்றாலும், தாளில் எழுதிய தடை அவர்களுக்கு உடனே விளங்குகிறது. எழுதியதை அடித்துவிட்டால் போயிற்று என்று ஒரு பையன் சொன்னான். அவனுக்கு காக்கா மக்காயா நிடினியின் படத்தைக் காட்டினார். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியால் 1970 முதல் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விலக்கிவைக்கப்பட்ட அந்நாட்டு அணி, 1991 நவம்பரில் கல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில்தான் உலகக் கிரிக்கெட்டுக்குத் திரும்பியது. 1998-இல் நிடினி அந்த அணியின் முதல் கறுப்பின ஆப்பிரிக்க டெஸ்ட் வீரரானார். 390 விக்கெட்டுகள் எடுத்தார். அவர் 2020-இல் ஒரு பேட்டியில் சொன்னது இதுதான்: விடுதியிலிருந்து மைதானத்துக்குப் போகும்போது பையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு அவர் ஓடியே போவார். உடற்பயிற்சிக்காக ஓடுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பேருந்தில் தன் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள் என்பதுதான் காரணம். சட்டத்தில் இருந்ததை அடித்தாயிற்று, பேருந்து இருக்கையில் இருந்ததை யார் அடிப்பது? அந்தப் பையன் பந்தை வாங்கிக்கொண்டு பேசாமல் போனான்.

பிராங்க் வொரெலின் படம் கல்லாப்பெட்டிக்கு மேலே இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் அணியில் கறுப்பினத்தவர்கள் தோள் கொடுத்துத் தூக்கிய காலத்திலும் தலைவர் பதவி வெள்ளையருக்கே என்ற வழக்கம் நீடித்தது, அதுவும் எழுதாததுதான். 1948-இல் ஜார்ஜ் ஹெட்லிக்கு ஒரே ஒரு டெஸ்டில் அந்தப் பொறுப்பு கிடைத்தது. ஒரு தொடர் முழுவதற்கும் தலைவராக நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் 1960-61 ஆஸ்திரேலியப் பயணத்தில் வொரெல்தான். அந்தத் தொடரின் முதல் ஆட்டம், பிரிஸ்பேனில், டெஸ்ட் வரலாற்றில் இரு அணிகளின் ஓட்டங்களும் சமமாகி 'டை'யில் முடிந்த முதல் ஆட்டமாக அமைந்தது. இந்தப் படத்துக்குக் காக்கா கல்லாவுக்கு மேல் இடம் கொடுத்ததற்குக் காரணம் அந்த ஆட்டம் அல்ல. 1962-இல் பார்படாஸில் தலையில் பந்து பட்டு உயிருக்குப் போராடிய இந்திய அணித் தலைவர் நரி காண்ட்ராக்டருக்கு ரத்தம் கொடுத்தவர்களில் வொரெலும் ஒருவர். "நம்ம ஆளுக்கு ரத்தம் கொடுத்த மனுசன்" என்று காக்கா சொல்லும்போது குரல் தாழ்கிறது.

அல்தியா கிப்சன் படம்தான் பெண் பிள்ளைகளின் தேர்வு. அமெரிக்க தேசிய டென்னிஸ் போட்டிக்கு 1950 வரை கறுப்பினத்தவர் எவரும் அழைக்கப்பட்டதில்லை. வெள்ளையரான முன்னாள் வீராங்கனை ஆலிஸ் மார்பிள் ஒரு டென்னிஸ் இதழில் தன் சங்கத்தாரைக் கண்டித்து எழுதிய பிறகே கிப்சனுக்கு வழி விடப்பட்டது. 1956-இல் பிரெஞ்சுப் பட்டம், 1957-லும் 1958-லும் விம்பிள்டன். ஒருநாள் என்னிடம் பயிற்சி பெறும் ஒரு சிறுமி இந்தக் கதையின் நடுவே, "அவங்களோட சேர்ந்து ஆடுனது யாரு காக்கா?" என்று கேட்டாள். இரட்டையர் ஆட்டத்தை மனத்தில் வைத்துக் கேட்ட கேள்வி. காக்காவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்ததால் நான் சொன்னேன்: ஏஞ்சலா பக்ஸ்டன், இங்கிலாந்தைச் சேர்ந்த யூதப் பெண். அவரையும் அந்தக் காலத்து டென்னிஸ் வட்டாரம் ஒதுக்கியே வைத்திருந்தது. ஒதுக்கப்பட்ட இருவரும் சேர்ந்து 1956-இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்றார்கள். பிற்காலத்தில் கிப்சன் வறுமையில் வாடியபோது அவருக்காகப் பணம் திரட்டியவரும் பக்ஸ்டன்தான். அன்று முதல் இந்தப் பகுதியை காக்கா தன் கதையில் சேர்த்துக்கொண்டார். பந்து கொஞ்சம் இறுகிப் போனாலும் இதைச் சொல்லி முடிக்காமல் பம்பை நிறுத்துவதில்லை.

ஒரு விளையாட்டுக் கடையின் மதிப்பீட்டில் இத்தனை பழங்கதை எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். என் ஊர்க் கதையையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் முன்பு, இதே கரையில் ஒரு ஊரில், தடைக்காலத்தில் நடந்த வாலிபால் போட்டிக்கு நான் நடுவராக இருந்தேன். போட்டி அறிவிப்பில் எந்த அணியும் வரலாம் என்றே இருந்தது. காலனியிலிருந்து ஒரு பிள்ளைகள் அணி வந்தது, நன்றாக ஆடியது. இடைவேளையில் மற்ற அணிகள் பானையிலிருந்து தாமே டம்ளரில் மொண்டு குடித்தன. அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒருவர் மேலிருந்து ஊற்றினார். அவர்கள் கையைக் குவித்துக் குடித்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அந்தப் பிள்ளைகளும் பழகியவர்களைப் போலக் குனிந்து குடித்துவிட்டு வந்து நின்றார்கள். என் கையிலிருந்த விதிப்புத்தகத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர் என்று இருந்தது. பானையைப் பற்றி எதுவும் இல்லை. நான் விசிலை ஊதி அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினேன். அந்த விசிலை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால்தான், இந்தச் சுவரில் பல்வங்கர் பாலு இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. பூனாவில் வெள்ளையர் கிளப்பில் ஆடுகளம் பேணும் வேலை பார்த்துக்கொண்டு, அங்கே மட்டை பிடிக்க வந்த ஆங்கிலேயர்களுக்கு நாள் முழுவதும் பந்து வீசிக் கலை கற்ற இடக்கைச் சுழல்பந்து வீச்சாளர் அவர். தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்தவர். மதவாரியாக அணிகள் ஆடிய அந்தக் காலத்தில், வெள்ளையரை வெல்ல வேண்டும் என்பதற்காக இந்து அணியினர் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தாமும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குக் கூடத்துக்கு வெளியே மண்குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகளை வீழ்த்திய பிறகும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1923-இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. வெளிநாட்டு நிறவெறியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால், பிள்ளைகள் அந்தக் கொடுமை கடலுக்கு அப்பால் இருப்பது என்று எண்ணிக்கொள்வார்கள். இதை நான் காக்காவிடம் சொன்னபோது அவர் வாதாடவில்லை. "படம் கொண்டாங்க சார்" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அது பன்னிரண்டாவது படம்.

சுவரில் சொல்வதைக் கடைக்கு வெளியேயும் அவர் செய்கிறார் என்பதற்கு வாசலில் தொங்கும் கரும்பலகையே சான்று. தடைக்காலப் போட்டிகளின் அறிவிப்புகள் அதில்தான் ஒட்டப்படுகின்றன. அணிகள் அங்கேயே பெயர் கொடுத்து நுழைவுக் கட்டணமும் கட்டிவிடலாம். இந்தச் சேவைக்கு அவர் ஒரு பைசா வாங்குவதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: எந்த ஊரும், எந்தத் தெருவும் வரலாம் என்று ஒப்புக்கொள்பவர்களின் தாளைத்தான் ஒட்டுவார். போட்டி நடத்துபவர்கள் பொதுவாகத் தம் ஊர்ச் சாவடியிலும் தேநீர்க் கடையிலும் மட்டுமே தாள் ஒட்டுவார்கள். காலனிப் பிள்ளைகள் போட்டி முடிந்த பிறகுதான் கேள்விப்படுவார்கள். வரக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாமலே முடிந்திருக்கும். சாலையோரப் பலகையில் ஒட்டியதும் எல்லோரும் பார்க்கிறார்கள். குடிதண்ணீருக்குக் குழாய் வைத்த கேன் வைப்பீர்களா, பானையா என்றும் காக்கா கேட்டுவைக்கிறார் என்பதை அண்மையில் ஒரு போட்டி ஏற்பாட்டாளர் சொல்லித்தான் அறிந்தேன். பானைக் கதையை நான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சிறுவர் கால் அளவில் காலணிகள் பெரும்பாலும் இருப்பில் இருப்பதில்லை. நான்காம் எண்ணுக்குக் கீழே கேட்டால் ராமநாதபுரத்துக்குத்தான் போக வேண்டும். பாட்மின்டன் மட்டைக்கு நரம்பு கட்டக் கொடுத்தால் மதுரைக்கு அனுப்பி வாங்குவதற்குப் பத்து நாள்கள் ஆகின்றன. முழங்கால் உறைகளின் விலை தரத்தோடு ஒப்பிட்டால் அதிகம். காற்றழுத்தமானி கிடையாது, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே முடிவு செய்கிறார். கதை நீளும் நாள்களில் பந்து கல்லாகிவிடுகிறது என்பதால், போட்டிக்குப் பந்து எடுத்துச் செல்பவர்கள் கதை கேட்டு முடித்த பிறகு கொஞ்சம் காற்றை இறக்கிக்கொள்வது நல்லது. பள்ளிக் கணக்குக்கு அச்சிட்ட ரசீது வேண்டுவோர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். படங்களின் கண்ணாடிக்குள் உப்பு ஈரம் இறங்கி, சிஃபோர்டின் படத்தில் பாதி முகம் மங்கத் தொடங்கியிருக்கிறது; அதற்கு உடனே ஏதாவது செய்தாக வேண்டும்.

கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகைக்காக இரண்டரை மணி வரை மூடியிருக்கும். தடைக்காலத்தில் இரவு பத்து வரை விளக்கு எரியும். ஏர்வாடிப் பேருந்தில் வருபவர்கள் நடத்துநரிடம் பந்துக்கடை என்றாலே இறக்கிவிடுவார்.

பாலுவின் படத்துக்குப் பக்கத்தில் காக்கா இன்னோர் ஆணி அடித்து வைத்திருக்கிறார். பாப்வா சேவ்கோலத்துக்கான இடம் அது. டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரரான அவர், எல்லோரும் பிடிப்பதற்கு மாறாகக் கைகளை மேல்கீழாக வைத்து மட்டையைப் பிடித்து ஆடியவர். 1963-இல் வெள்ளையர்களை வென்று நேட்டால் ஓப்பன் பட்டத்தை எடுத்தார். கிளப் கட்டடத்துக்குள் வர நிறவெறிச் சட்டம் அவரை விடாததால், பரிசுக் கோப்பையைக் கொட்டும் மழையில் வெளியே நின்று வாங்கினார். மண்குவளைக்குப் பக்கத்தில் மழைக்கோப்பை இருக்க வேண்டும் என்பது காக்காவின் விருப்பம். அந்த மழைப் படத்தின் தெளிவான பிரதி யாரிடமாவது இருந்தால் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சட்டம் போடும் செலவைத் தானே ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்.